மாமி சொல்வது பாதிதான் சரி

கேள்வி: எனக்கு 47 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன், பாடசாலை ஆசிரியை. ஒரு வருடமாக பீரியட்ஸ் ஒழுங்கில்லை. மூன்று வாரத்தில் வரும், பிறகு இரண்டு மாதம் வராது. இரவில் உடம்பெல்லாம் கொதித்து நைட்டி நனைய வியர்க்கிறது. பகலில் பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன். “எங்களுக்கும் வந்ததுதானே, நாங்கள் டொக்டரிட்டப் போனோமா?” என்கிறார் மாமி. ஹோர்மோன் மாத்திரை போட்டால் புற்றுநோய் வரும் என்று சக ஆசிரியை பயமுறுத்துகிறார். அத்தோடு, போன மாதம் பத்து நாளாகியும் இரத்தம் நிற்கவில்லை, கட்டி கட்டியாகப் போனது. என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், கொழும்பு 6

பதில்: சகோதரி, நீங்கள் ‘அத்தோடு’ என்று கடைசியில் எழுதியதைத்தான் முதலில் எடுக்கிறேன். பீரியட்ஸ் முந்துவதும் பிந்துவதும் இந்த வயதில் வழமை. பத்து நாள் கட்டியோடு போவதை அந்தக் கணக்கில் போட முடியாது. கருப்பையில் ஃபைப்ரொயிட் கட்டி இருக்கலாம், உட்சுவர் தடித்திருக்கலாம், அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஸ்கேன் செய்து, ஹீமோகுளோபினும் தைரொயிட்டும் பார்க்க வேண்டும். தைரொயிட் கூடினாலும் வியர்வை, படபடப்பு, எரிச்சல் எல்லாம் இதே மாதிரித்தான் வரும். பொரளை காசல் வீதி மகளிர் வைத்தியசாலையிலும் டி சொய்சா மகளிர் வைத்தியசாலையிலும் இதற்கான கிளினிக் இருக்கிறது, காசில்லை. லீவு எடுக்க முடியாவிட்டால் பின்னேரத்தில் தனியாரில் சனல் பண்ணுங்கள். மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனைந்தாலோ தலை சுற்றினாலோ கிளினிக் நாள் வரும்வரை இருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

சரி, இனி வியர்வை. மாதவிடாய் நிற்பதற்குச் சில வருடங்களுக்கு முன்பே சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் தாறுமாறாக ஏறி இறங்கத் தொடங்கும். உடல் வெப்பத்தைக் கவனிக்கும் ஹைப்போதலமஸ் என்ற மூளைப் பகுதி அப்போது சின்னச் சூட்டையும் பெரிதாக எடுத்துக்கொண்டு, இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்ட வைக்கிறது. கொழும்புப் புழுக்கம் வேறு! இரவு நாலு தரம் எழும்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? அதோடு ஹோர்மோன் ஆட்டமும் மனநிலையைக் கலைக்கும். அழுகையும் சோர்வும் வாரக்கணக்கில் நீண்டால் அதையும் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தொடர்ந்து 12 மாதம் பீரியட்ஸ் வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டது என்று சொல்வார்கள். நீங்கள் இன்னும் அதற்கு முந்திய கட்டத்தில். 45க்கு மேல் இதை உறுதிப்படுத்தப் பொதுவாக ஹோர்மோன் இரத்தப் பரிசோதனை தேவையில்லை. இன்றைக்கு ஒரு அளவு, அடுத்த வாரம் வேறொன்று காட்டும். லாப்புக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

ஹோர்மோன் மாத்திரை பற்றி உங்கள் சக ஆசிரியைக்கு இருக்கும் பயம் வெறும் கதையல்ல. 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, ஈஸ்ட்ரஜனும் ப்ரொஜெஸ்ட்டின் என்ற இன்னொரு ஹோர்மோனும் சேர்த்து எடுத்தவர்களில் மார்பகப் புற்றுநோய் சற்றுக் கூடியதாகச் சொன்னது. ஆனால் அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள் இருக்கும், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடம் ஆகாத, மற்றப்படி ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலானோருக்கு ஆபத்தை விட நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவக் கருத்து. வியர்வைக்கு இதைவிடப் பலனுள்ள மருந்து இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கும் பொதுவாகத் தரமாட்டார்கள். காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருக்கும்போதும் தொடங்க மாட்டார்கள். அதனால்தான் அந்தப் பத்து நாளை முதலில் பிடித்தேன். ஹோர்மோன் ஒத்துவராதவர்களுக்கு வேறு மாத்திரைகளும் உண்டு. முகநூலில் விற்கும் ‘ஹோர்மோன் பவுடர்’ அந்தப் பட்டியலில் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். பருத்தி நைட்டி, கட்டிலில் ஃபானுக்கு நேரான பக்கம் உங்களுக்கு, பின்னேரத்துக்குப் பிறகு கோப்பி வேண்டாம். ஈஸ்ட்ரஜன் குறையும்போது எலும்பும் தேயும் என்பதால் தலையோடு சாப்பிடும் நெத்தலி, எள்ளு, குரக்கன் நல்லது. காலையில் மரைன் டிரைவில் வேகமாக நடக்கலாம்.

மாமி மீது கோபம் வேண்டாம். இது நோயல்ல என்று அவர் சொல்வது சரிதான், அதற்காகச் சகித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் பிழை. அவருக்கு எப்போது நின்றது என்பது உங்களுக்கு உதவாது. உங்கள் அம்மாவுக்கு எந்த வயதில் நின்றது என்று கேளுங்கள், அது ஓரளவு பரம்பரையில் வருவது.

நீங்கள் கேட்காத ஒன்று. இரண்டு மாதம் வராமல் இருந்தபோது கர்ப்பமா என்று சோதித்தீர்களா? 47இலும் தங்கலாம். 50 வயதுக்கு முன் பீரியட்ஸ் நின்றால் அதன்பின் இரண்டு வருடம், 50க்குப் பின் நின்றால் ஒரு வருடம் கருத்தடை தொடர வேண்டும். வியர்வைக்குத் தரும் ஹோர்மோன் மாத்திரை கருத்தடைக்கு உதவாது, இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.