அந்த 94 வாக்குகள்

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். இரண்டாம் உலகப் போர்ப் பாடம் முடிந்த அன்று ஒரு மாணவி, "ஹிட்லரை மக்கள்தானே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தார்கள், அப்படியானால் போருக்கும் அவர்கள்தானே பொறுப்பு?" என்று கேட்டாள். ஆம் என்று சொல்லிவிட்டேன். இன்று பல நாடுகளில் அதிகாரம் ஒருவர் கையிலேயே குவிவதைக் காணும்போது அந்தப் பதில் மனத்தை உறுத்துகிறது. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ச., விழுப்புரம்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

அந்த மாணவி சொன்னதில் பாதி உண்மை. 1928 தேர்தலில் 2.6 விழுக்காடு வாக்கு பெற்ற நாஜிக் கட்சி, வேலையற்றோர் தொகை அறுபது லட்சத்தைத் தொட்ட 1932ஆம் ஆண்டின் ஜூலைத் தேர்தலில் 37.3 விழுக்காட்டை எட்டியது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் தேர்தல் வந்தபோது, அது 33.1 விழுக்காடாக இறங்கிவிட்டது. இப்படி இறங்குமுகத்தில் இருந்த கட்சியின் தலைவர் ஹிட்லரை 1933 ஜனவரி 30 அன்று அழைத்துச் சான்சலர், அதாவது தலைமை அமைச்சர், பதவியில் அமர்த்தியவர் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க். அவரை அதற்கு இணங்க வைத்தவர் முன்னாள் சான்சலர் பாப்பன். அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூவர்தான் என்பதால் அவரைத் தம் பிடியிலேயே வைத்திருக்கலாம் என்று பாப்பன் கணக்குப் போட்டார்.

பிப்ரவரி 27 அன்று நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் ஓர் அவசரச் சட்டத்தால் பறிக்கப்பட்டன. மார்ச் 5 அன்று நடந்த தேர்தலில், எதிர்க்கட்சியினர் பலர் சிறையில் இருந்தும், நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 விழுக்காடுதான்.

மார்ச் 23 அன்று பெர்லினின் க்ரோல் ஓபரா அரங்கில் நடந்ததை உங்கள் வகுப்பில் விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். மேடையின் பின்புறம் பெரிய ஸ்வஸ்திகக் கொடி தொங்கியது. நாஜிக் கட்சியின் அடியாள் படையான பழுப்புச் சட்டைக்காரர்கள் நடைவழிகளில் வரிசையாக நின்றார்கள். நாடாளுமன்றத்தையும் அரசியலமைப்பையும் மீறி அமைச்சரவையே சட்டம் இயற்றலாம் என்ற மசோதாவுக்கு மூன்றில் இரு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. பொதுவுடைமைக் கட்சியின் 81 உறுப்பினர்கள் அவைக்குள்ளேயே விடப்படவில்லை. எனவே முடிவு கத்தோலிக்கர்களின் மையக் கட்சியிடம் இருந்தது. அதன் தலைவர் காஸ், சில உரிமைகளுக்கு எழுத்துமூலம் உறுதி தருவதாக ஹிட்லர் சொன்னதை நம்பினார். கட்சிக்குள் எதிர்த்து வாதிட்ட ப்ரூனிங்கும் கடைசியில் கட்சிக் கட்டுப்பாட்டுக்குப் பணிந்தார். உறுதிக் கடிதம் வரவேயில்லை, வாக்கெடுப்பு முடிந்துவிட்டது.

சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஓட்டோ வெல்ஸ் ஒருவர்தான் எழுந்து மறுத்துப் பேசினார். எங்கள் விடுதலையையும் உயிரையும் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது என்றார். அந்தச் சுவர்களுக்கிடையே, அந்த ஆட்களின் முன்னால் அதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது. ஆதரவாக 444 வாக்குகள், எதிராக 94. அந்த 94 பேரும் வெல்ஸின் கட்சிக்காரர்கள். அக்கட்சியின் 120 உறுப்பினர்களில் மற்றவர்களுள் பலர் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். ஆதரவாக வாக்களித்த மையக் கட்சி ஜூலை 5 அன்று தன்னைத் தானே கலைத்துக்கொண்டது.

இதற்கும் போருக்கும் என்ன தொடர்பு என்பதை 1938ஆம் ஆண்டு காட்டுகிறது. செக்கோஸ்லோவாக்கியாவைத் தாக்கினால் பிரிட்டனும் பிரான்சும் களமிறங்கும், ஜெர்மனி அழியும் என்று, தரைப்படைத் தலைமைப் பணியகத்தை நடத்திவந்த லூட்விக் பெக் அறிக்கைக்குமேல் அறிக்கை எழுதினார். யாரும் செவிசாய்க்காததால் ஆகஸ்டில் பதவி விலகினார். அந்த விலகல் அக்டோபர் இறுதிவரை மறைத்துவைக்கப்பட்டது. தம் கவலையை அவர் எங்கே போய்ச் சொல்லியிருக்க முடியும்? கேள்வி கேட்க அவை இல்லை, அச்சிடப் பத்திரிகை இல்லை, எதிர்க்கட்சி இல்லை. செப்டம்பர் இறுதியில் ம்யூனிக்கில் பிரிட்டன் பிரதமர் சேம்பர்லினும் பிரான்ஸ் பிரதமர் டலாடியேவும் கையெழுத்திட்டு, செக்கோஸ்லோவாக்கியாவின் சூடேட்டன் பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்தபோது, பெக்கின் எச்சரிக்கை பொய்த்துவிட்டதாகவே ஜெர்மனியில் பலருக்குத் தோன்றியிருக்கும். அடுத்த மார்ச்சில் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகுக்குள் ஜெர்மன் படை நுழைந்தது. 1939 செப்டம்பர் 1 அன்று போலந்துக்குள்.

இன்றைய நாடுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தேர்தல் நடக்கிறதா என்பதோடு, ஒரு தளபதியோ நீதிபதியோ மனசாட்சிப்படி விலகினால் மறுநாள் காலை அந்நாட்டு மக்களுக்கு அது தெரிகிறதா என்பதையும் நான் பார்க்கிறேன். தெரியாத நாடுகளை எண்ணித்தான் அஞ்சுகிறேன்.

அந்த மாணவியை அழைத்து, 1932 நவம்பரின் எண்ணை முதலில் சொல்லுங்கள். பிறகு, சான்சலர் பதவியைக் கொடுத்தவர்களின் பெயர்களையும், வெல்ஸ் பேசி முடித்தபின் விழுந்த அந்த 94 வாக்குகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். யார் பொறுப்பு என்ற கேள்வியை அவள் மறுபடியும் கேட்கட்டும்.