மாத்திரையோடு உப்பையும் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு 68 வயது. மாத்திரை சாப்பிட்டும் இரத்த அழுத்தம் 150-க்குக் கீழே இறங்கவில்லை. உணவாலும் நடையாலும் குறைக்க முடியுமா?
– வாசகர், சேலம்

பதில்: ஓரளவு நிச்சயமாக முடியும்; ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முதலில் உப்பைப் பாருங்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் குறைத்துவிட்டு, ஊறுகாய், அப்பளம், ஜவ்வரிசி வடகம், மாலையில் நம்மூர்த் தட்டுவடை செட் என்று சாப்பிட்டால், நாம் அறியாமலேயே அந்த வரம்பைத் தாண்டிவிடுவோம். வயது ஏற ஏற இரத்தக் குழாய்கள் விறைப்பதாலும், உடலால் உப்பை முன்போல வெளியேற்ற முடியாததாலும், முதியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு நல்ல பலன் தருகிறது. சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்து விற்கப்படும் உப்பை மட்டும், குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறு இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

நடைக்கு ஏற்காட்டுச் சரிவுகள் தேவையில்லை. சமதரையில், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில், வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிடம் போதும். எழுந்து நிற்கையில் தலை சுற்றினால், உட்கார்ந்தும் நின்றும் அழுத்தத்தை அளந்து, அந்தக் குறிப்பைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.