500 லிக்கும் ஒரு முழங்கால் லீவரும்

கேள்வி: டெக்சஸில் ஐந்தாறு வருடமாக இருக்கிறேன். கன்ட்ரி பாட்டில் பெடல் ஸ்டீல் கிதார் இழைந்து அழும் இடம் வந்தால் காரை ஓரங்கட்டிவிட்டுக் கேட்கும் ஆள் நான். இப்போது கற்றுக்கொள்ள ஆசை. பழைய ஸ்டூடன்ட் மாடல் ஒன்று 900 டாலருக்கு வருகிறது: மூன்று பெடல், ஒரு முழங்கால் லீவர். கூடவே 500 லிக் (சிறு இசைத் துணுக்கு) அடங்கிய வீடியோ பாடம் 149 டாலர், இன்று மட்டும் தள்ளுபடி என்கிறார்கள். இரண்டையும் வாங்கிவிடலாமா?

பதில்: பாடத்தை இன்று வாங்க வேண்டாம். 'இன்று மட்டும்' அடுத்த வாரமும் இருக்கும். முதலில் கிதாரைப் பார்ப்போம். எந்த லிக் உங்களுக்கு வரும், எது வராது என்பதை முடிவு செய்வதே அதுதான்.

சித்திரவீணை பார்த்தவர்களுக்குக் கட்டையை வழுக்கி வாசிப்பது புதிதல்ல. இதில் கூடுதலாகக் காலும் முட்டியும் வேலை செய்யும்: கால் பெடலை மிதித்தும், முட்டி லீவரைத் தள்ளியும் கம்பியின் சுரத்தை மாற்றும். கன்ட்ரிக்கு வழக்கமான ஈ9 டியூனிங்கில் (கம்பிகளைச் சுருதி சேர்க்கும் முறை) பத்துக் கம்பி. ஏ பெடல் 5, 10ஆம் கம்பிகளை ஒரு முழுச் சுரம் ஏற்றும். பி பெடல் 3, 6ஆம் கம்பிகளை அரைச் சுரம் ஏற்றும். மூன்றாவது ஃப்ரெட்டில் (கம்பிகளுக்கு அடியில் கோடு போட்ட இடம்) பாரை, அதாவது வழுக்கும் கட்டையை, வைத்து, இரண்டு பெடலையும் மிதித்தபடி 3, 4, 5 கம்பிகளை மீட்டுங்கள்: சி மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). இப்போது காலை மெல்ல எடுங்கள். நடுக்கம்பி அப்படியே நிற்க, இரண்டு பக்கமும் கம்பிகள் இறங்கி ஜி மேஜரில் வந்து உட்காரும். நீங்கள் காரை ஓரங்கட்டியது இதற்காகத்தான். 1954இல் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ் இப்படிப் பெடலால் சுரத்தை வளைத்ததைக் கேட்டுத்தான் மற்ற ஸ்டீல்காரர்களும் பெடல் பக்கம் ஓடினார்கள்.

அதே ஜி மேஜர் பத்தாவது ஃப்ரெட்டில் ஏ, பி மிதித்தாலும் வரும். ஆறாவது ஃப்ரெட்டிலும் வரும், ஆனால் அங்கே ஏ பெடலோடு, ஈ சுரத்தில் நிற்கும் கம்பிகளை அரைச் சுரம் ஏற்றும் லீவர் வேண்டும். அவற்றை அரைச் சுரம் இறக்கும் லீவரும் அடிக்கடி தேவைப்படும். ஆக, இரண்டு லீவராவது இல்லாமல் பாடத்தில் பாதி வழியில் நின்றுவிடுவீர்கள். அந்த ஒற்றை லீவர் என்ன செய்கிறது, இன்னொன்று பொருத்த முடியுமா என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். நேரில் போனால் ட்யூனரை மாட்டி ஒவ்வொரு பெடலையும் பத்துத் தடவை மிதியுங்கள். விட்டதும் கம்பி பழைய சுரத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்வதைவிட வேறு கிதார் பார்ப்பது நல்லது.

சரி, பாடம். 500 என்ற எண்ணில் மயங்காதீர்கள். மேலே சொன்ன ஒரு லிக்கை மூன்று இடத்தில் வாசிக்கத் தெரிந்தவர், 50 லிக்கை ஒரே இடத்தில் மனப்பாடம் செய்தவரைவிடப் பாட்டோடு நன்றாகச் சேர்ந்துகொள்வார். மாதிரி டேப் (எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் என்று எண்ணில் எழுதிய குறிப்பு) ஒரு பக்கம் கேட்டு வாங்குங்கள். எந்த லீவர் எந்தக் கம்பியை மாற்றுகிறது என்று அதில் எழுதியிருக்க வேண்டும்; வெறுமனே 'இடது முட்டி' என்றிருந்தால் போதாது. அப்புறம், பெடல் வரிசை. இதில் எமன்ஸ், டே என்று இரண்டு அமைப்பு உண்டு. எமன்ஸ் அமைப்பில் இடமிருந்து ஏ, பி, சி. டே அமைப்பில் அதுவே தலைகீழ். இதைப் பார்க்காமல் பாடம் வாங்கி, ஆசிரியர் காலைப் பார்த்து இரண்டு வாரம் தப்பான பெடலை மிதித்தவன் நான். பணமும் திரும்பவில்லை.

ஸ்டூடன்ட் மாடலோடு வால்யூம் பெடல் (காலால் ஒலியைக் கூட்டிக் குறைப்பது) வருகிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாமல் அந்த இழைவு முழுதாக வராது. கம்பி செட் வாங்கும்போது மூன்றாவது கம்பியை, 0.011 அங்குலம், தனியாக நாலைந்து சேர்த்து வாங்கிவிடுங்கள். முதலில் அறுவது அதுதான், பெரும்பாலும் ராத்திரி பதினொரு மணிக்கு.