வீடு நிறையப் பூனைகள், மேசையில் ஒரு கம்ப்யூட்டர்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே பூனைகள் நிறைய இருக்கும் வீடுகளிலிருந்து வந்தவை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக எதையும் வாங்கும் முன் பழுது எங்கே என்று பாருங்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், கழற்றித் துடைக்க முடிகிற, பாகம் பாகமாக மாற்ற முடிகிற பொருளாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஐந்து பூனைகள் வளர்க்கிறோம். மூன்று வருடப் பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. ஆன் செய்த கொஞ்ச நேரத்தில் சூடாகி, ஃபேன் இரைந்து, எதைத் தட்டினாலும் நகர மாட்டேன் என்கிறது. சில நாள் தானாகவே அணைந்துவிடுகிறது. கடையில் காட்டினால், "வயசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். வாங்கிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்கிற அறிகுறிகளைப் பார்த்தால் வயதை விடப் பூனை முடி மேல்தான் எனக்குச் சந்தேகம்.

பெரும்பாலான லேப்டாப்களில் காற்று அடிப்பக்கத் துளைகள் வழியாக உள்ளே போகும். ஃபேன் அதைத் தள்ளி, சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே செலுத்தி வெளியேற்றும். முடி ஃபேன் இறக்கையில் சுற்றுவதை விட, ஃபேனுக்கும் அந்தத் தகடுகளுக்கும் இடையில் போய்த் தங்குவதுதான் அதிகம். பூனைகள் கழிக்கும் மணல் தட்டிலிருந்து எழும் களிமண் தூசியும் சேர்ந்துகொண்டால் அங்கே கம்பளித் துணி மாதிரி ஒரு படலம் படிந்துவிடும். அப்புறம் காற்று போக வழி ஏது? பல பிராசஸர்கள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை எட்டும்போது தம்மைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் சூடு ஏறினால் மெஷினே அணைந்துவிடும். நீங்கள் பார்ப்பது அநேகமாக இதைத்தான்.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். இரவெல்லாம் அணைத்து வைத்திருந்த லேப்டாப்பைக் காலையில் ஆன் செய்து, கெட்டியான, சமமான மேசை மேல் வைத்து வேலை செய்யுங்கள். முதலில் நன்றாக ஓடி, சூடு ஏற ஏற மந்தமானால் காரணம் சூடுதான். ஆன் செய்ததிலிருந்தே மந்தமாக இருந்தால் விஷயம் வேறு. எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பழைய வகை ஹார்ட் டிஸ்க் இருந்து, டிஸ்க் கட்டம் எந்நேரமும் 100 சதவீதத்திலேயே நின்றால், அதை எடுத்துவிட்டு, சுழலும் வட்டு இல்லாத வேகமான சேமிப்பான எஸ்எஸ்டி போட்டாலே பெரிய மாற்றம் தெரியும். இரண்டில் எதுவானாலும் புது லேப்டாப் விலையில் சிறு பங்குதான் செலவாகும்.

சுத்தம் செய்யக் கொடுக்கும்போது, "அடிமூடியைக் கழற்றித் தகடுகளிலிருந்து முடியை எடுப்பீர்களா? பிராசஸர் மேலுள்ள தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவீர்களா?" என்று கேளுங்கள். பிராசஸரின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் பசைதான் தெர்மல் பேஸ்ட். இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லாத கடையில் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து காற்றடித்தால் முடி இன்னும் உள்ளே போய் இறுகிக்கொள்ளும். நீங்களே செய்வதென்றால் மின் இணைப்பை எடுத்துவிட்டு, ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். வீட்டு வேக்குவம் கிளீனரின் முனையைச் சர்க்யூட் போர்டு அருகே கொண்டுபோக வேண்டாம், நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுத்துவிடும். வாரன்டி இன்னும் இருந்தால், மூடியைக் கழற்றலாமா என்று அதன் விதியில் முதலில் பாருங்கள்.

சுத்தம் செய்துவிட்டு எல்லாவற்றையும் பழையபடியே விட்டால் மறுபடியும் அடைத்துக்கொள்ளும். மணல் தட்டுகளைக் கம்ப்யூட்டர் இருக்கும் அறையிலிருந்து மாற்றுங்கள். களிமண் மணலுக்குப் பதில் தூசி குறைவான மரத்துகள் உருண்டைகளை முயன்று பார்க்கலாம், ஆனால் ஒரே நாளில் மாற்றினால் பூனைகள் தட்டையே வெறுத்துவிடும். ஒரு தட்டில் மட்டும் புதியதைப் போட்டு, அவை ஏற்கின்றனவா என்று பார்த்துவிட்டு மற்றதை மாற்றுங்கள்.

கேள்வி: பூனை கீபோர்டு மேல் நடந்த பிறகு எழுத்துகள் சரியாக விழவில்லை. சாவியை ரொம்ப நேரம் அழுத்தினால்தான் ஒரு எழுத்து வருகிறது. ஒரு முறை திரையே தலைகீழாகிவிட்டது. கீபோர்டு போய்விட்டதா? பூனைக்குத் தாங்கும் கீபோர்டு எது?

கீபோர்டுக்கு எதுவும் ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன். விண்டோஸில் வலப்பக்க ஷிஃப்டை எட்டு வினாடி அழுத்தியே வைத்திருந்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதியை இயக்கவா என்று கேட்கும். அது இயங்கிவிட்டால் வேகமான தட்டல்களைக் கம்ப்யூட்டர் பொருட்படுத்தாது. பூனை ஷிஃப்ட் மேல் உட்கார்ந்து, அடுத்த பாதத்தை என்டரில் வைத்தால் போதும். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸும் இதே வகைதான். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதற்குள் கீபோர்டு பகுதிக்குப் போய் இரண்டையும் அணையுங்கள். அவற்றின் குறுக்குவழிகளையும் சேர்த்து அணைத்துவிடுங்கள். திரை தலைகீழானால் டிஸ்ப்ளே பகுதியில் ஓரியன்டேஷனை லேண்ட்ஸ்கேப் என்று மாற்றினால் நேராகிவிடும். சில கம்ப்யூட்டர்களில் கன்ட்ரோல், ஆல்ட், மேல் அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்தினாலே போதும். மேசையை விட்டு எழும்போதெல்லாம் விண்டோஸ் சாவியையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுங்கள். பாதி எழுதிய கடிதம் தானாகப் போய்ச் சேராமல் இருக்க இது ஒன்றே போதும்.

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்ததில்லை. கீபோர்டில் பூனை நடப்பதைக் கண்டுபிடித்துத் தட்டச்சைத் தடுக்கும் பாசென்ஸ் என்ற மென்பொருளை உருவாக்கிய கிறிஸ் நிஸ்வாண்டருக்கு 2000-ல் கணினியியலுக்கான இக் நோபல் பரிசே, அதாவது சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் வேலைகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு, கிடைத்தது.

இனி வாங்குவது பற்றி. லேப்டாப் வைத்திருந்தாலும் தனிக் கீபோர்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பல லேப்டாப்களில் கீபோர்டை மேல்மூடியோடு சேர்த்தே பொருத்திவிடுகிறார்கள், ஒரு சாவி போனாலும் மூடியோடு மாற்ற வேண்டி வரும். தனிக் கீபோர்டு கெட்டால் அது மட்டும்தான் செலவு. ஒவ்வொரு சாவிக்கும் தனி ஸ்விட்ச் உள்ள மெக்கானிக்கல் வகையில் சாவிமூடிகளைப் பிடுங்கி முடியைத் துடைத்தெடுக்கலாம். ஹாட் ஸ்வாப் என்று போட்டிருந்தால் உள்ளிருக்கும் ஸ்விட்சையும் பற்றவைக்காமலே மாற்றலாம். பூனை வீட்டுக்கு இது நல்ல பொருள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

'ஸ்பில் ரெசிஸ்டன்ட்' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பிக் கூடுதல் விலை கொடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். கொஞ்சம் தண்ணீர் கொட்டினால், வேலையைச் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கும் என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். பால், டீ, பூனை வாந்தி எல்லாம் அந்தக் கணக்கில் வராது. லேப்டாப் கீபோர்டு மேல் போடும் சிலிக்கோன் உறையும் வேண்டாம். சில லேப்டாப்கள் கீபோர்டு வழியாகவும் காற்றை இழுக்கின்றன. உறையோடு மூடினால் திரையும் அழுந்தும்.

பூனை ஏன் அங்கேயே வந்து உட்காருகிறது என்றும் யோசியுங்கள். உடம்புச் சூட்டைக் காக்கத் தனியாகச் சக்தி செலவழிக்கத் தேவையில்லாத வெப்பநிலை பூனைகளுக்கு ஏறக்குறைய 30 முதல் 38 டிகிரி செல்சியஸ். நமக்கு இதமான அறை அவற்றுக்குக் குளிர்ச்சிதான். மேசை மேலேயே உங்கள் கைக்குப் பக்கத்தில், ஒரு ஓரம் தாழ்ந்த அட்டைப் பெட்டியில் கெட்டித் துணியை மடித்துப் போடுங்கள். தரையில் வைத்தால் வராது, உங்கள் பக்கத்தில் இருக்கத்தானே அது வருகிறது. எத்தனை பூனைகள் மேசைக்கு வருமோ அத்தனை பெட்டி வையுங்கள், இல்லையென்றால் சண்டையில் தோற்றது திரும்பவும் கீபோர்டுக்கே வரும்.

கேள்வி: குட்டிகள் சார்ஜர் ஒயரைக் கடிக்கின்றன. இரண்டு சார்ஜர் போய்விட்டது. எலுமிச்சை எண்ணெய் தடவலாமா?

தடவவே கூடாது. எலுமிச்சை வகை எண்ணெய்களும் டீ ட்ரீ எண்ணெயும் பூனைக்கு நஞ்சு. இந்த வகைப் பொருள்கள் பலவற்றைப் பிரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. செல்லப் பிராணிகளுக்கென்றே விற்கும் கசப்பு ஸ்பிரே இருக்கிறது, ஆனால் அதைச் சட்டை செய்யாத குட்டிகளும் உண்டு. நீளவாக்கில் பிளந்த நெளிவுக் குழாய்க்குள் ஒயரை விடுவதுதான் நம்பகமான வழி. விலையும் குறைவு.

அடுத்த லேப்டாப் யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகிறதா, ஒயர் அடாப்டரிலிருந்து தனியாகக் கழல்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடித்த ஒயரை மட்டும் மாற்றினால் போதும். சாதாரண யுஎஸ்பி-சி ஒயர் 60 வாட் வரைதான் தாங்கும். சார்ஜர் அதற்கு மேல் என்றால் 100 அல்லது 240 வாட் என்று குறித்த ஒயரையே வாங்குங்கள். சுவரிலிருந்து அடாப்டருக்கு வரும் ஒயரில் பல் பட்டிருந்தால் டேப் சுற்றிப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

குட்டி ஒயரைக் கவ்வியபடி விறைத்து நின்றால், முதலில் சுவர் ஸ்விட்சை அணையுங்கள், பிறகு தொடுங்கள். ஷாக் அடித்த பிறகு நன்றாக ஓடியாடினாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

கேள்வி: ஆண் பூனை லேப்டாப் மேல் சிறுநீர் கழித்துவிட்டது. வாரன்டி இருந்தும் சர்வீஸ் சென்டரில் மறுக்கிறார்கள். இது நியாயமா?

சாதாரண வாரன்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். திரவம் பட்ட சேதம் அதில் வராது என்று விதியிலேயே எழுதியிருக்கும். பல லேப்டாப்களின் உள்ளே ஈரம் பட்டால் சிவப்பாக மாறும் சிறு ஒட்டுவில்லைகளும் உண்டு, அதனால் மறைக்கவும் முடியாது. இந்த மறுப்பை நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறொன்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சிறுநீர் படுவதற்கு முன்பே இருந்த கோளாறு, உதாரணமாகத் திரைக் கீலின் உடைசல், திரவத்தோடு தொடர்பில்லாததாக இருந்தால், அதையும் ஏன் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் காரணமும் புகைப்படமும் கேளுங்கள். வாய்மொழி மறுப்போடு திரும்பி வராதீர்கள்.

விபத்துச் சேதத்துக்கென்று தனிப் பாதுகாப்புத் திட்டங்கள் விற்கிறார்கள். பூனை வீட்டுக்கு அது பயன்படலாம். பணம் கட்டும் முன் விலக்குகள் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். விலங்குகளால் ஏற்படும் சேதத்தை விலக்கியிருந்தால் அந்தத் திட்டம் உங்களுக்கு வேண்டாம்.

இப்போதைக்கு அதை ஆன் செய்து பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். சிறுநீரில் உப்பு இருப்பதால் காய்ந்த பிறகும் போர்டை அரித்துக்கொண்டே இருக்கும். அரிசிக்குள் வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. பிரித்து ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவித் தரும் கடைக்குச் சீக்கிரம் கொண்டுபோங்கள்.

லேப்டாப்பை விட முக்கியமானது பூனை. தட்டை விட்டு வெளியே கழிப்பது நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது அவசரம், விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

கேள்வி: பழைய டெஸ்க்டாப் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பூனைகளோடு லேப்டாப் நல்லதா, டெஸ்க்டாப்பா?

வெளியே தூக்கிக்கொண்டு போகும் தேவை இல்லையென்றால் டெஸ்க்டாப்தான். முன்பக்க வலையைக் கழற்றிக் கழுவ முடிகிற கேபினெட்டாகப் பாருங்கள். மேல்பக்கம் துளையில்லாமல் மூடியிருக்க வேண்டும், பூனை அங்கேதான் படுக்கும், வாந்தியும் எடுக்கும். தரையில் வைக்காதீர்கள், முடி தாழ்வான இடத்தில்தான் சேரும். பவர் பட்டன் மேலே இருந்தால், பவர் ஆப்ஷன்ஸில் அதை அழுத்தினால் ஒன்றும் செய்யாதே என்று மாற்றிவிடுங்கள். மானிட்டரை மேசை விளிம்பில் கவ்விப் பிடிக்கும் தாங்கியில் (மானிட்டர் ஆர்ம்) மாட்டினால் பூனை தள்ளி விழாது. அதில் மாட்ட, மானிட்டரின் பின்னால் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பழையது மலிவு என்பதற்காக அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 14 அக்டோபர் 2025-ல் நிறுத்திவிட்டது. அதற்கடுத்த விண்டோஸ் 11-ஐப் போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், பிராசஸரும் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டும் இருக்கிறதா என்று விற்பவரையே கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: வேலை செய்துகொண்டிருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கைப் பூனை தட்டிவிட்டது. இப்போது டிக் டிக் என்று சத்தம் வருகிறது. குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான்.

உடனே ஒயரைப் பிடுங்குங்கள், திரும்பத் திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டாம். சுழலும் வட்டின் மேல் எழுதுமுனை உரசியிருக்கலாம். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் இன்னும் கொஞ்சம் படங்கள் போய்விடும். ரெகவரி மென்பொருளும் இந்த நிலையில் ஆபத்துதான். தரவு மீட்பு மட்டுமே செய்யும் நிறுவனமாகப் பாருங்கள். பார்த்துச் சொல்ல எவ்வளவு, மீட்கவில்லை என்றால் எவ்வளவு என்று இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு டிஸ்கைக் கொடுங்கள்.

அடுத்து வாங்குவது எஸ்எஸ்டியாக இருக்கட்டும், அதில் சுழலும் பாகம் இல்லை. அதிலும் ஒரே பிரதியோடு நிற்காதீர்கள். இன்னொரு பிரதியை வேறொரு டிஸ்கில் எடுத்து அலமாரிக்குள் வையுங்கள், மூன்றாவதை வீட்டுக்கு வெளியே, கிளவுடிலோ உறவினர் வீட்டிலோ வைத்திருங்கள்.