நெடிய வாயு இழைகள் ஏன் உருண்டையாவதில்லை?

கேள்வி: விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயு, நூற்றுக்கணக்கான ஒளியாண்டு நீளத்திற்கு இழை போலக் கிடப்பதாகப் படித்தேன். தன் ஈர்ப்பினாலேயே அது ஓர் உருண்டையாகச் சுருங்கிவிட வேண்டாமா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: ஈர்ப்பு அந்த இழையைச் சுருக்கத்தான் முயல்கிறது. ஆனால் இழை நீளமாக இருக்க இருக்க, அதன் இரு முனைகளும் நடுப்பகுதிக்கு வந்து சேரப் பிடிக்கும் காலமும் கூடிக்கொண்டே போகும். அதற்குள் இழை ஆங்காங்கே முடிச்சிட்டுத் துண்டாகிவிடும்.

இதற்குத் தெளிவான சான்று 'நெஸ்ஸி' என்னும் இழையாகும். பால்வீதியின் அகச்சிவப்பு ஒளிப் பின்னணியில் கரிய கோடாகத் தெரியும் இதை, ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களைக் கொண்டு ஜேம்ஸ் ஜாக்சனும் அவருடைய குழுவினரும் 2010இல் விரிவாக ஆராய்ந்தனர். சுமார் 10,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள நெஸ்ஸியின் நீளம் ஏறத்தாழ 260 ஒளியாண்டு. அகலமோ 2 ஒளியாண்டுக்கும் குறைவு. ஒரு விரற்கடை அகலமுள்ள கயிறு இரண்டு ஆள் நீளத்திற்குக் கிடப்பதைப் போன்ற விகிதம் இது. (நெஸ்ஸி இதைவிடப் பல மடங்கு நீளமாக இருக்கலாம் என்றும், பால்வீதியின் சுருள்கரம் ஒன்றின் முதுகெலும்பைப் போல அது அமைந்திருக்கிறது என்றும் 2014இல் வெளியான ஆய்வு கூறியது.)

அந்த இழை நெடுகிலும் அடர்ந்த வாயுக் கருக்கள் சராசரியாக 15 ஒளியாண்டு இடைவெளியில் அமைந்திருப்பதுதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது. குழாயிலிருந்து மெல்லிய தாரையாக விழும் நீர், பரப்பு இழுவிசையால் துளித்துளியாய் அறுபடுவதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே அந்த வேலையை ஈர்ப்பு செய்கிறது. தன் ஈர்ப்புக்கு உட்பட்ட நீண்ட உருளை இவ்வாறு அறுபடும் என்பதை, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரும் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியும் 1953ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினர். இழையின் நெடுக்கில் ஓடும் காந்தப்புலம் அறுபடுவதைத் தாமதப்படுத்தும் என்பதும் அவர்கள் கண்ட முடிவு.

பக்கவாட்டில் இழை நசுங்கிவிடாமல் தாங்குவது எது என்பது அடுத்த கேள்வி. உறைகுளிரில், அதாவது சுமார் −263 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், வாயுவின் வெப்ப அழுத்தத்தால் ஓர் ஒளியாண்டு நீளத்திற்கு ஏறக்குறைய 5 சூரிய நிறையைத்தான் தாங்க முடியும். நெஸ்ஸியில் ஓர் ஒளியாண்டு நீளத்தில் உள்ள நிறை அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே வாயுவின் உள்ளே நிகழும் கொந்தளிப்பே முதன்மையான தாங்குவிசை என்று கொள்ள வேண்டியிருக்கிறது. கொந்தளிப்பைச் சேர்த்துக் கணக்கிட்டால்தான் கருக்களுக்கு இடையே காணப்படும் இடைவெளியும் கோட்பாட்டோடு பொருந்துகிறது.

அறுபட்ட கருக்கள் மேலும் சுருங்கி விண்மீன்களாகின்றன. அவற்றுள் பெருநிறை விண்மீன்கள் வீசும் புற ஊதாக் கதிர்களும் விண்மீன் காற்றும் (அவற்றின் பரப்பிலிருந்து விரைந்து வெளியேறும் துகள்களின் ஓட்டம்), தம்மைப் பெற்ற இழையையே சில பத்து லட்சம் ஆண்டுகளில் கலைத்துவிடுகின்றன.