பி.சி.ஓ.எஸ் இருக்கு: புட்டை விடுறதா, பாணை விடுறதா?

கேள்வி (யாழ். திருநெல்வேலி, 24 வயது): எடை 72 கிலோ. பீரியட்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒருக்கா வருது. டொக்டர் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தச் சொன்னார். கீட்டோ (மாப்பொருளை மிகக் குறைத்து கொழுப்பைக் கூட்டுறது), கோதுமை இல்லாத சாப்பாடு, 16 மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்கிறது, இதிலே எது பி.சி.ஓ.எஸ்ஸுக்கு நல்லது?

பதில்: பி.சி.ஓ.எஸ் என்பது சூலகத்தில் முட்டை ஒழுங்காக முதிராமல் மாதவிடாய் பிந்துகிற ஓமோன் கோளாறு. அதற்கென்று தனி உணவுமுறை கிடையாது. 2023ல் வந்த சர்வதேச வழிகாட்டலும் ஒன்றை விட மற்றது மேல் என்று காட்ட ஆதாரம் இல்லை என்றே சொல்கிறது. கோதுமையை விடுவதற்கும் காரணம் இல்லை, செலியாக் நோய் (கோதுமைப் புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய்) இருந்தால் ஒழிய.

உள்ளே நடப்பது இதுதான். பலருக்கு, இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதனால் உடம்பு கூடுதலாகச் சுரக்கும். இரத்தத்தில் இன்சுலின் கூடினால் சூலகம் ஆண் ஓமோனை அதிகம் செய்யும், முட்டை முதிர்ந்து வெளிவருவது தடைப்படும். ஆகவே இன்சுலினைக் குறைக்கிற எந்தச் சாப்பாட்டு முறையும் உதவும். உங்கள் எடையில் 5 சதவீதம் என்பது 3.6 கிலோ. அந்தளவு குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்கும்.

எதைத் தெரிவு செய்வது என்றால், ஆறு மாதம் கழித்தும் நீங்கள் விடாமல் செய்யக்கூடியதை. வீட்டில் எல்லோரும் இடியப்பமும் சொதியும் சாப்பிட, நீங்கள் மட்டும் கீட்டோ பிடித்தால் மூன்றாம் கிழமை முடிந்துவிடும். எங்கள் வீடுகளில் காலையில் பாண், மத்தியானம் சோறு, இரவில் புட்டோ இடியப்பமோ. மூன்று நேரமும் மாப்பொருள், புரதம் மத்தியானம் ஒரு மீன் துண்டு மட்டும். கை வைக்கவேண்டிய இடம் இதுதான்.

கேள்வி (மானிப்பாய்): அரிசிமாப் புட்டை விட்டு குரக்கன் புட்டுக்கு மாறினால் காணுமா அக்கா?

பதில்: காணாது. 100 கிராம் குரக்கன் மாவிலும் ஏறக்குறைய 70 கிராம் மாப்பொருள் இருக்கிறது. அரிசிமாவில் 80. வித்தியாசம் நார்ப்பொருளில்தான், குரக்கனில் அது பல மடங்கு. ஆனால் "குரக்கன்தானே" என்று இரட்டிப்பாகச் சாப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். மிக நைசாக அரைத்த மா, கூழாகக் காய்ச்சியது, இரண்டும் இரத்தச் சீனியைச் சடாரென்று ஏற்றும்.

புட்டை விடவேண்டாம், அதன் உள்ளடக்கத்தை மாற்றுங்கள். மூன்று பேருக்கு: குரக்கன் மா ஒரு கப், வறுத்த அரிசிமா அரைக் கப், தேங்காய்ப்பூ கால் கப், ஆய்ந்த முருங்கையிலை நெருக்கி ஒரு கப், துருவிய கரட் அரைக் கப், சின்ன றால் ஒரு கைபிடி. றாலை மஞ்சள், உப்புப் போட்டு முதலில் அவித்துவிடுங்கள். குரக்கன் மாவுக்குக் கொதிதண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் களியாகக் கட்டிவிடும். சுடுதண்ணீரைத் தெளித்துத் தெளித்து உதிர்த்து, கையால் பிடித்தால் பிடிபட்டு, நசித்தால் உதிரும் பதத்தில் நிறுத்துங்கள். இலையையும் கரட்டையும் கடைசியில் கலந்து, நீத்துப்பெட்டியில் ஆவி வந்தபின் 10-12 நிமிடம். இப்படிச் செய்தால் ஒருவருக்கு மா 60 கிராமளவுதான் வரும், வயிறும் நிறையும்.

கூட என்ன என்பதுதான் முக்கியம். வெறும் சொதியும் சம்பலும் என்றால் புரதம் ஏறக்குறைய இல்லை. சொதியில் மீனைப் போடுங்கள், அல்லது அவித்த முட்டை இரண்டு (12 கிராம் புரதம்). புட்டோடு மாம்பழமும் சீனியும் பிசைந்து சாப்பிடுகிற வழக்கம் உள்ளவர்கள் அதை மாதத்துக்கு ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒடியற் புட்டும் நல்லது. ஆனால் ஒடியல் மாவை ஊறவைத்து, அந்தக் கசப்புத் தண்ணீரைப் பிழிந்து ஊற்றிய பிறகுதான் அவிக்கவேண்டும்.

கேள்வி (நெல்லியடி): மத்தியானம் சோறு எவ்வளவு?

பதில்: தேத்தண்ணிக் கோப்பையால் ஒரு கோப்பை, குவிக்காமல். மொட்டைக்கறுப்பன் போன்ற தீட்டாத சிவப்பரிசி நல்லது. தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி மீனோ கடலையோ, மிச்சம் சோறு. உருளைக்கிழங்கு மரக்கறிப் பக்கம் சேராது, அது சோற்றின் பங்கு. சூடை, நெத்தலி மலிவு, புரதமும் நல்ல கொழுப்பும் உண்டு. பொரித்தால் எண்ணெயும் சேரும், குழம்பாக வையுங்கள்.

கேள்வி (கொக்குவில்): சாப்பாடு குறைச்சாச்சு, ஒரு கிலோவும் இறங்கேல்லை. தேத்தண்ணி நாலு தரம் குடிப்பன், அவ்வளவுதான்.

பதில்: ஒரு கோப்பைக்குச் சீனி எத்தனை கரண்டி? மூன்று என்றால் நாளுக்கு 12, ஏறக்குறைய 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்வது 25 கிராமுக்குள். கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தாலும் அதுவும் சீனிதான். நாலு மணித் தேத்தண்ணிக்கு ரோல்ஸ் சேர்ந்து வருகிறதா என்றும் பாருங்கள். அவித்த கடலை ஒரு சின்னக் கிண்ணம் அந்த இடத்தை நிரப்பும்.

கேள்வி (சுன்னாகம், 22 வயது): நான் 50 கிலோ, உயரம் 158 செ.மீ. எனக்கும் பி.சி.ஓ.எஸ் எண்டு சொல்லிட்டினம். நானும் மெலியவேணுமா?

பதில்: வேண்டாம். உங்கள் பி.எம்.ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 20, சரியான அளவு. சாப்பாட்டைக் குறைத்துப் பட்டினி கிடந்தால் மாதவிடாய் இன்னும் பின்போகும். அளவைக் குறைக்காமல் சேர்க்கையை மட்டும் மாற்றுங்கள். கிழமையில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கிற பயிற்சி, மற்ற நாட்களில் வேக நடை, கிழமைக்கு மொத்தம் 150 நிமிடமாவது.

கேள்வி (சாவகச்சேரி, ஒரு அம்மா): மகளுக்கு 14 வயது. பெரியபிள்ளையாகி ஒன்றரை வருசம். 40 நாளுக்கு ஒருக்கா வருது. ஸ்கானில் நீர்க்கட்டி எண்டு இருக்கு. உளுத்தங்களியும் நல்லெண்ணெய்யும் பச்சை முட்டையும் குடுக்கவோ?

பதில்: அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். இந்த வயதில் 45 நாள் வரை இடைவெளி இயல்பே. பதின்ம வயதில் ஸ்கானை வைத்து பி.சி.ஓ.எஸ் என்று முடிவெடுக்கக்கூடாது என்பதும் மேலே சொன்ன 2023 வழிகாட்டலில் உண்டு, அந்த வயதில் சூலகம் அப்படித் தோன்றுவது சாதாரணம். பிள்ளையை டயட்டில் போடாதீர்கள்.

உளுந்தில் குறையில்லை. களியில் கூடுவது பனங்கட்டியும் எண்ணெய்யும். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் 120 கலோரி. சடங்கு நாட்களில் கொடுத்தது போதும், வருடக்கணக்கில் வேண்டாம். பச்சை முட்டையில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம், அவித்தே கொடுங்கள்.

கேள்வி (நல்லூர்): நாங்கள் சைவம். மெட்போர்மின் (இன்சுலின் நல்லா வேலை செய்யக் குடுக்கிற குளிசை) குடிக்கிறன், வயிறு குமட்டுது. கந்தசஷ்டி ஆறு நாளும் பிடிக்கலாமோ?

பதில்: குளிசையைச் சாப்பாட்டின் நடுவில் குடியுங்கள், வெறுவயிற்றில் வேண்டாம். குமட்டல் நீடித்தால் மெதுவாகக் கரைகிற வகை உண்டு, டொக்டரிடம் கேளுங்கள். நீண்டகாலம் மெட்போர்மின் குடிப்பவர்களுக்கு பி12 விற்றமின் குறையலாம். மீன், முட்டை இல்லாதவர்களுக்கு இது இரட்டை அடி, இரத்தத்தில் ஒருமுறை பாருங்கள்.

ஒரு நேரம் உண்டு பிடிக்கிற விரதம் என்றால், அந்த ஒரு நேரத்தில் பயறு, பருப்பு, தயிர் இருக்கட்டும், குளிசையும் அதோடு. முழுப்பட்டினி என்றால் முன்னமே டொக்டரிடம் சொல்லுங்கள். பாறணை அன்று மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டு ஆறு நாளையும் ஈடுகட்டுவதுதான் வழமையான பிழை.

கேள்வி (பருத்தித்துறை): கறுத்தக் கொழும்பான் மாம்பழம்?

பதில்: அரைப் பழம், சாப்பாடு முடிந்த கையோடு. ஜூஸ் வேண்டாம்.

கேள்வி (உரும்பிராய்): கட்டியைக் கரைக்கிற பொடி எண்டு விக்கினம். வாங்கலாமா?

பதில்: கரைக்க அங்கே கட்டியே இல்லை. ஸ்கானில் தெரிவது முதிராமல் நின்ற முட்டைப் பைகள். இனோசிற்றோல் என்று ஒன்று விற்கிறார்கள், அதற்குப் பெரிய தீங்கில்லை, பலனுக்கான ஆதாரமும் குறைவுதான். அந்தக் காசுக்கு மீன் வாங்குங்கள்.

கேள்வி (திருநெல்வேலி, மேலே முதலில் கேட்டவர்): சாப்பாடு வேலை செய்யுது எண்டு எப்படித் தெரியும்?

பதில்: தராசை மட்டும் நம்பவேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை இடுப்பைத் தொப்புள் மட்டத்தில் அளந்து எழுதுங்கள், எங்கள் இனப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. மாதவிடாய் திகதிகளை கலண்டரில் குறியுங்கள். மூன்று மாதத்தில் இடைவெளி சுருங்கத் தொடங்கினால் சரியான வழி. முகப்பருவும் முகத்தில் வளர்கிற முடியும் பிந்தித்தான் குறையும், முடிக்கு ஆறு மாதமாவது ஆகும்.

90 நாள் தாண்டியும் வரவில்லை என்றால் சாப்பாடு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் கிளினிக்குக் காட்டுங்கள், கருப்பை உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். கலியாணம் முடித்தவராக இருந்தால் போகமுதல் கர்ப்பப் பரிசோதனை ஒன்று செய்து பாருங்கள். பி.சி.ஓ.எஸ் இருப்பதால் பிள்ளை தங்காது என்று நினைத்திருப்பவர்களுக்கு அதில் இரண்டு கோடு விழுவதும் உண்டு.