சிங்கப்பூரின் மெக்ரிட்சி ஏரிக்கரைக்குக் கிளம்புமுன்: வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

திருச்சியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு வயது 71. அம்மாவுக்கு 66, முழங்கால் வலி உண்டு. ஆறு வயது மகனும் வருவான். மெக்ரிட்சியில் ஏரியையும் தொங்குபாலத்தையும் ஒரே காலையில் பார்த்துவிட முடியுமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

அம்மாவின் முழங்காலை வைத்துப் பார்த்தால், வேண்டாம். மெக்ரிட்சி என்ற ஒரு பெயருக்குள் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று லோர்னி சாலையை ஒட்டிய ஏரிக்கரைப் பூங்கா. கார் நிறுத்துமிடம், கழிவறை, சாப்பாட்டுக் கடை, நீர்மேல் வளைந்து செல்லும் நடைபாலம் எல்லாம் இங்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன. மற்றொன்று அதற்குப் பின்னால் விரியும் காடு. தொங்குபாலம் அந்தக் காட்டுக்குள், பூங்காவிலிருந்து ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இணையத்தில் ஏரிப் படமும் பாலத்துப் படமும் அடுத்தடுத்து வருவதால் இரண்டும் அருகருகே இருப்பதாக நினைத்துக் கிளம்புகிறார்கள். பாதி வழியில் பெரியவர்கள் கல்லில் உட்கார்ந்துவிடுவது பெரும்பாலும் இதனால்தான். காட்டுக்குள் டாக்சி வராது. போன தூரத்தை நடந்துதான் திரும்ப வேண்டும்.

பெற்றோருடன் போகும்போது ஏரிக்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலை 7.30க்கு வந்தால் வெயில் ஏறுமுன் ஒன்றரை மணி நேரம் நிதானமாக நடக்கலாம். நடைபாலத்தைக் கடந்து, நீர் விளிம்பை ஒட்டிச் செல்லும் செம்பராய் பலகைப் பாதையில் அம்மாவால் முடிந்த தூரம் போய்த் திரும்புங்கள். பாதை நிழலாக இருக்கும். ஆனால் இடையிடையே படிகள் வரும். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ இருந்தால் பூங்காவின் சமதளத்தோடு நின்றுவிடுவது நல்லது. பலகையில் பச்சையாகப் படர்ந்திருப்பது பாசி. காலையில் அது ஈரமாக இருக்கும், வழவழப்பான செருப்பு அதில் நிற்காது. அம்மாவுக்கு வார் போட்ட, அடியில் வரிப்பிடிப்புள்ள காலணி வாங்கிக் கொடுங்கள். சேலையைவிடச் சுடிதார் வசதி.

கால்டிகாட் பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து நடக்க 20 நிமிடம் பிடிக்கும். அந்த நடையிலேயே அம்மாவின் தெம்பு போய்விடும் என்பதால் பேருந்தோ டாக்சியோ மேல்.

மெக்ரிட்சி என்பது யார்? நீர்த்தேக்கம் எவ்வளவு பழையது?
– உயர்நிலை 2 மாணவர், யீஷூன்

சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம் இதுதான். 1868ல் கட்டி முடிக்கப்பட்டது. ஊருக்குக் குடிநீர் வேண்டும் என்று வணிகர் டான் கிம் செங் 1857ல் 13,000 வெள்ளி (டாலர்) கொடுத்தார். பின்னாளில் அதை விரிவாக்கியவர் நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சி. அவர் பெயரைச் சூட்டியது 1922ல். இன்றும் குடிநீருக்கான ஏரி என்பதால் இதில் இறங்கிக் குளிக்கக்கூடாது.

நண்பர்கள் நால்வர் தொங்குபாலத்துக்குப் போகிறோம். எந்த வழி, எவ்வளவு நேரம், எவ்வளவு தண்ணீர்?
– வாசகர், பொங்கோல்

முதலில் கிழமையைப் பாருங்கள். பொது விடுமுறையாக இல்லாவிட்டால் திங்கட்கிழமை பாலம் மூடியிருக்கும். செவ்வாய் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்கும், சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் 8.30க்கும் திறந்து மாலை 5 மணிக்கு மூடுவார்கள். பராமரிப்புக்காக இடையில் மூடுவதும் உண்டு. முந்தைய நாள் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

பாலம் மட்டும் போதுமென்றால் வீனஸ் டிரைவ் பக்கமாக, வின்சர் இயற்கைப் பூங்கா வழியே போங்கள். அப்பர் தாம்சன் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். போய்வர 5, 6 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். ஏரிக்கரையில் தொடங்கிக் காட்டைச் சுற்றி வருவதென்றால் 10, 11 கிலோமீட்டர். பழகியவர்களுக்கு மூன்றரை மணி நேரம், மற்றவர்களுக்கு ஐந்து.

பாலம் 250 மீட்டர் நீளம். மிக உயரமான இடத்தில் கீழே 25 மீட்டர் பள்ளம். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும், காலடியில் லேசாக ஆடும். பலர் கவனிக்காமல் விடுவது, அது ஒருவழிப் பாதை என்பதை. நடுவில் பயந்துபோய்த் திரும்ப முடியாது, மறுமுனைக்குப் போயே ஆக வேண்டும். அதற்குப் பிறகுதான் நீளமான மரப்படிகள் வருகின்றன. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். உயரம் ஒத்துக்கொள்ளாதவர் உங்களில் இருந்தால் பாலத்துக்குமுன் வரும் வனக்காவலர் நிலையத்திலேயே முடிவெடுங்கள். கழிவறையும் குடிநீரும் அங்கே உண்டு, போத்தலை நிரப்பிக்கொள்ளலாம்.

சிறிய சுற்றுக்கு ஆளுக்கு ஒரு லிட்டர், பெரிய சுற்றுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். காட்டுக்குள் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே நிற்பதால் சூடு தணியாது. நிழல்தானே என்று தண்ணீரைக் குறைத்தால் தலைவலி நிச்சயம். அப்பர் தாம்சன் சாலையில் பரோட்டா சாப்பிடுவதாக இருந்தால், நடையை முடித்த பிறகு சாப்பிடுங்கள். நிறைந்த வயிற்றோடு அந்தப் படிகளை ஏறுவது கஷ்டம்.

அத்தை சனிக்கிழமைதோறும் ஆஞ்சநேயரை நினைத்துக் குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பார். இங்கே கொடுக்கலாமா? போன முறை ஒரு குரங்கு எங்கள் பையைப் பிடித்து இழுத்தது.
– வாசகி, செங்காங்

கொடுக்கவே கூடாது. வனவிலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் குற்றத்துக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை. அத்தையிடம் அபராதத்தை மட்டும் சொல்லாதீர்கள், காரணத்தையும் சொல்லுங்கள். மனிதர் கையில் தின்று பழகிய குரங்கு காட்டில் இரை தேடாமல் சாலைக்கு வருகிறது, வண்டியில் அடிபடுகிறது. ஆஞ்சநேயருக்குப் படைக்கும் பழத்தைக் கோயிலில் கொடுக்கட்டும்.

உங்கள் பை விஷயத்துக்கு வருவோம். பிளாஸ்டிக் பை சரசரத்தாலே உள்ளே தீனி இருக்கிறது என்று இங்குள்ள நீள்வால் குரங்குகளுக்குத் தெரியும். உள்ளே குடை மட்டும் இருந்தாலும் இழுக்கும். எல்லாவற்றையும் ஜிப் வைத்த முதுகுப்பையில் போடுங்கள், குரங்கைக் கண்டால் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். அதன் கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். அதற்கு அது சண்டைக்கு அழைப்பு. பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று பிள்ளைகள் பதிலுக்குச் சிரிப்பார்கள். அது மிரட்டல். ஓடாமல், கத்தாமல், மெல்லப் பின்வாங்குங்கள். உணவுப் பையைப் பிடித்துவிட்டால் இழுபறி வேண்டாம், விட்டுவிடுங்கள். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மழைக்காலத்தில் போகலாமா? குடை போதுமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

மழையைவிட மின்னலுக்குத்தான் அஞ்ச வேண்டும். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால் நண்பகலுக்குள் காட்டைவிட்டு வெளியேறும்படி திட்டமிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் கொஞ்சம் மாறும். சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று விடியற்காலையிலோ காலையிலோ அடித்துவிட்டுப் போகும். கிளம்புமுன் வானிலையைக் காட்டும் மைஎன்வி செயலியைப் பாருங்கள்.

இடி கேட்டால் நீர்மேல் உள்ள பலகைப் பாதையையும் பாலத்தையும் விட்டு அகன்று, பாதையோரக் கூரைக் குடிலுக்குப் போங்கள். தனி மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். ஒடுங்கிய பாதையில் குடை எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். மெல்லிய மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மழை விட்டதும் உடனே பாய்ந்து நடக்காதீர்கள். நீர் கோத்த கிளைகள் அப்போதும் முறிந்து விழும், மண்பாதையில் துருத்தி நிற்கும் வேர்கள் சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். வேரின்மேல் மிதிக்காமல், அதைத் தாண்டிக் கால் வையுங்கள்.